ஃபேன்டசி கிரிக்கெட் பணப்போட்டிகள்: சட்டம் எங்கே நிற்கிறது, இனி என்ன ஆகும்?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். கிரிக்கெட் ஃபேன்டசி செயலியில் பணம் கட்டி அணி அமைத்து ஆடுவது திறமை விளையாட்டா, சூதாட்டமா? பல ஆண்டுகள் சட்டப்படி சரி என்று சொல்லப்பட்டது 2025இல் ஒரே வாரத்தில் தடைக்குள் வந்தது எப்படி? இந்தப் போட்டிகள் திரும்ப வருமா, அதுவரை வெளிநாட்டுத் தளங்களில் ஆடினால் என்ன ஆகும்? முதலில் சுருக்கமான பதிலைத் தந்துவிடுகிறேன். புதிய மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. பணப்போட்டியை நடத்துபவரையும், அதை விளம்பரப்படுத்துபவரையும், அதற்குப் பணம் போய்வர வழி செய்பவரையும்தான் தண்டிக்கிறது. திரும்ப வருமா என்பது உச்ச நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் போட்ட பணத்துக்கு நடைமுறையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. இவற்றின் காரணங்களை விளக்கச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் நீதிமன்றங்கள் கேட்டுவந்த கேள்வி சட்டத்துக்குச் சரியான கேள்வியாக இருந்தாலும், பணம் கட்டி ஆடும் சாதாரண மனிதருக்கு அது ஒருபோதும் போதுமானதாக இருக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

விளையாட்டின் அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். உண்மையில் மோதும் இரண்டு அணிகளின் வீரர்களில் இருந்து நீங்கள் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பு உண்டு; மொத்த மதிப்பு 100 கிரெடிட்டுகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் நட்சத்திர வீரர்களை மட்டுமே வைத்து அணியை நிரப்பிவிட முடியாது. நீங்கள் கேப்டனாக வைத்தவர் எடுக்கும் புள்ளிகள் இரண்டு மடங்காகும். துணைக் கேப்டனின் புள்ளிகள் ஒன்றரை மடங்காகும். ஆட்டம் முடிந்ததும் ரன், விக்கெட், கேட்ச் என்று எல்லாம் புள்ளிகளாக மாறி, உங்களைப் போலவே கட்டணம் கட்டிய மற்றவர்களோடு நீங்கள் வரிசைப்படுத்தப்படுகிறீர்கள். எந்த அணி வெல்லும் என்று நீங்கள் பந்தயம் கட்டவில்லை. ஒரே ஒரு வீரரை நம்பியும் கட்டவில்லை. ஆடுகளம் சுழலுக்கு உதவுமா, இரண்டாவதாகப் பந்து வீசுபவர்களுக்குப் பனி தொல்லை தருமா, நடுவரிசை வீரருக்கு எத்தனை ஓவர் மிஞ்சும் என்றெல்லாம் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஆகவே இதில் திறமைக்கு இடமே இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

இந்தத் திறமை என்ற சொல் சட்டத்தில் எப்படி இவ்வளவு கனம் பெற்றது என்பதைச் சொல்ல வேண்டும். 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் சூதாட்ட விடுதிகளைத் தண்டித்தபோதே, வெறும் திறமையைக் கொண்டு ஆடப்படும் ஆட்டங்களுக்குத் தன் 12ஆவது பிரிவில் விலக்கு அளித்தது. அரசியலமைப்புச் சட்டம் வந்தபோது ‘பந்தயமும் சூதாட்டமும்’ ஏழாம் அட்டவணையில், மாநிலங்கள் சட்டம் இயற்றக்கூடிய பொருள்களைக் கூறும் மாநிலப் பட்டியலின் 34ஆவது பதிவாக இடம்பெற்றது. 1957இல் உச்ச நீதிமன்றம், பத்திரிகை மூலம் நடத்தப்பட்ட குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி தொடர்பான ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில், சூதாட்டம் என்பது அரசியலமைப்பு பாதுகாக்கும் வணிகமே ஆகாது என்றும், வெற்றி கணிசமான அளவு திறமையைச் சார்ந்திருக்கும் போட்டி சூதாட்டம் ஆகாது என்றும் வகுத்தது. 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டே என்று அதே நீதிமன்றம் கூறியது. சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவெடுப்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. 1996இல், தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கொண்டுவரப்பட்ட சட்டத்தை எதிர்த்து எழுந்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயத்திலும் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பானது. அதிர்ஷ்டம் அறவே இல்லாமல் இருக்க வேண்டும் என்பது தேவையில்லை, திறமையின் பங்கு மேலோங்கியிருந்தால் போதும் என்ற அளவுகோல் இவ்வாறு உறுதிப்பட்டது.

ஃபேன்டசி நிறுவனங்கள் இந்த அளவுகோலைத்தான் பற்றிக்கொண்டன. 2008இல் தொடங்கப்பட்ட டிரீம்11 நிறுவனத்துக்கு எதிராக, அதில் பணம் இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில் பஞ்சாப் ஹரியாணா உயர் நீதிமன்றம் 2017இல் இது திறமை விளையாட்டே என்று தீர்ப்பளித்தது. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அவ்வாறே கூறியது. பிறகு ராஜஸ்தான் உயர் நீதிமன்றமும் அந்த வழியில் சென்றது. 2021 ஜூலையில், ராஜஸ்தான் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இடையில் 2020இல் பம்பாய்த் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்திருந்தது என்பதை நிறுவனங்களின் விளம்பரங்கள் அவ்வளவாகச் சொன்னதில்லை. எனினும் மொத்தத்தில் நீதிமன்றங்களின் போக்கு அவற்றின் பக்கமே இருந்தது. தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம், அசாம், ஒடிசா போன்ற சில மாநிலங்களின் சட்டங்கள் இடம் கொடுக்காததால், செயலிகள் அந்த மாநிலத்தவரைப் பணப்போட்டிகளில் சேர்த்ததில்லை. மற்ற இடங்களில் தடையின்றி நடந்தன. ஐ.பி.எல். போட்டியின் பெயரிலும் இந்திய அணியின் சட்டையிலும் இந்நிறுவனங்களின் பெயர் வந்தபோது, இது சட்டப்படி சரியானதுதான் என்ற நம்பிக்கை வீடுவீடாகப் பரவியது. நீங்களும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள்; அந்த நம்பிக்கையில் அப்போது தவறும் இல்லை.

இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். ‘இது திறமை விளையாட்டு’ என்ற வாதம் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் புதிதாக வருபவர் தோற்பது உறுதியாகிறது. லாட்டரிச் சீட்டில் பத்தாண்டு அனுபவசாலிக்கும் முதல்முறை வாங்குபவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். திறமை மேலோங்கும் பணப்போட்டியில் அப்படி இல்லை. புள்ளிவிவரங்களைக் கணினியில் அலசி, ஒரே போட்டியில் பல அணிகளை இறக்கும் ஒருவரோடு, வேலை முடிந்து வந்து டாஸ் போட்டதும் பத்து நிமிடத்தில் அணி அமைக்கும் ஒருவர் மோதுகிறார். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள், நடத்துபவர் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,000 ரூபாய். பரிசாகத் திரும்புவது 4,250 ரூபாய். எல்லாரும் ஒரே திறமை உடையவர்கள் என்றால், நீண்ட காலத்தில் ஒவ்வொருவரும் 50 ரூபாய்க்கு 42 ரூபாய் 50 காசு திரும்பப் பெறுவார்கள். அந்த நூறு பேரில் தேர்ந்தவர்கள் ஐந்து பேர் பரிசில் பாதியைக் கொண்டுபோனால், மீதி 95 பேருக்கும் சேர்த்து 2,125 ரூபாய்தான் மிஞ்சும். அதாவது 50 ரூபாய் கட்டிய ஒருவருக்குச் சராசரியாகத் திரும்புவது சுமார் 22 ரூபாய். ஒரு ஐ.பி.எல். பருவத்தின் 74 ஆட்டங்களுக்கும் இப்படி ஆடினால் 3,700 ரூபாய் கட்டி, 2,000 ரூபாய்க்கு மேல் இழந்திருப்பார். இது நான் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. ஆனால் அமெரிக்காவில் 2015 பேஸ்பால் பருவத்தின் முதல் பாதியைப் பற்றி வெளியான ஆய்வில், ஆட்டக்காரர்கள் ஈட்டிய லாபத்தில் 91 சதவீதம் 1.3 சதவீதம் பேரிடமே சென்றது தெரியவந்தது என்பதை நினைத்தால், என் கணக்கு மென்மையானது என்றே சொல்ல வேண்டும்.

வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால் இதை நேரில் காணவும் நேர்ந்தது. கடன் தவணை தவறியதற்காக வந்த அறிவிப்போடு ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது: ஏப்ரல், மே மாதங்களில் அநேகமாக எல்லாப் பற்றுகளும் மாலை ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் நடந்திருந்தன. ஏழு மணிக்கு டாஸ். அப்போதுதான் ஆடும் பதினொருவர் யார் யார் என்று தெரியும். ஏழரைக்கு ஆட்டம் தொடங்கும். அந்த அரை மணி நேரத்துக்குள் 49, 49, 99, மறுபடியும் 49 என்று யுபிஐ வழியே பணம் போய்க்கொண்டிருந்தது. இரவு பதினொன்றரைக்கு மேல் 60 ரூபாயோ 98 ரூபாயோ வரவாகியிருந்தது. அந்த வரவுகளைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார். ‘நான் அடிக்கடி ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன் சார்’ என்று அவர் சொன்னது பொய் இல்லை. 49 கட்டி 60 வாங்குவதும் வெற்றிதானே. நான்கு அணிகளுக்குக் கட்டி ஓர் அணிக்கு வாங்கியதை அவர் கூட்டிப் பார்த்ததில்லை. அவர் சோம்பேறியோ பேராசைக்காரரோ அல்லர். கிரிக்கெட்டை நன்றாக அறிந்தவர், அந்த அறிவுக்குப் பணம் கிடைக்கும் என்று நம்பியவர். திறமை விளையாட்டு என்ற நீதிமன்றத்தின் சொல், சட்டத்தில் நிறுவனத்துக்கு அளித்த பாதுகாப்பை, அவர் மனத்தில் தனக்கான உறுதிமொழியாக எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் துயரங்களைக் கண்டுதான் மாநிலங்கள் முதலில் நடவடிக்கையில் இறங்கின. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் பணயம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல் தடுத்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கர்நாடகத்தின் இதே போன்ற சட்டத்துக்கும் 2022 பிப்ரவரியில் அதே கதி நேர்ந்தது. பின்னர் நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, தமிழ்நாடு 2022இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு சட்ட முன்வடிவாகவும் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டப் பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அது ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதியை மட்டும் நீக்கியது. திறமை விளையாட்டைத் தடை செய்ய முடியாது, ஆனால் நேரம், வயது போன்றவற்றில் ஒழுங்குபடுத்தலாம் என்பதே அதன் சாரம். அதன்படி வந்த 2025 பிப்ரவரி விதிமுறைகள், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அனுமதி இல்லை என்றும், ஆதார் வழியே அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றும் கூறின. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவற்றையும் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த மாநிலச் சட்டத்தின்படி இணையவழிச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஃபேன்டசி விளையாட்டு அதிர்ஷ்ட விளையாட்டாகப் பட்டியலிடப்படவில்லை என்றாலும், ஆட்டத்தின் முடிவு மீது நேராகப் பந்தயம் கட்டும் தளங்கள் இதற்குள் வந்துவிடும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் இணையவழி விளையாட்டில் கிடைக்கும் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. நிறுவனமே அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். 2023 அக்டோபர் 1 முதல், நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்குக்கு மட்டும் என்றில்லாமல் ஆடுபவர் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, 2025 செப்டம்பரில் அது 40 சதவீதமானது. பழைய ஆண்டுகளுக்கான ஜி.எஸ்.டி. நிலுவை கேட்டு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்ட அறிவிப்புகளில் ஒன்று மட்டுமே சுமார் 21,000 கோடி ரூபாய்க்கானது. தடை வராமல் இருந்திருந்தாலும் இந்தத் தொழில் பழைய வடிவில் நீடித்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

இனி 2025இல் நடந்ததற்கு வருகிறேன். இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்ட முன்வடிவு ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது, மறுநாள் மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இதன் அடிப்படை மிக எளிமையானது. ஒரு விளையாட்டு திறமையைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா, இரண்டையும் சார்ந்ததா என்று சட்டம் இனிக் கேட்காது. கட்டணமோ வைப்புத்தொகையோ வேறு பணயமோ கொடுத்து, பதிலுக்குப் பணமோ அதற்கு நிகரானதோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடப்படுகிறதா என்று மட்டும் கேட்கும். பணமாக மாற்றக்கூடிய நாணயங்கள், டோக்கன்கள் ஆகியவையும் பணயமே. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரத்துக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்யும் வங்கி, கட்டணச் செயலி ஆகியவற்றுக்கு மீண்டும் மூன்று ஆண்டு, ஒரு கோடி. நடத்துவதும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுவதும் பிணையில் விட முடியாத குற்றங்கள். சுமார் 45 கோடிப் பேர் இத்தகைய விளையாட்டுகளால் பாதிக்கப்பட்டு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்ததாக அரசு இதற்குக் காரணம் கூறியது. ஒப்புதல் கிடைத்த சூட்டோடு டிரீம்11 உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் பணப்போட்டிகளை நிறுத்தின. அந்த மாதத்துக்குள்ளேயே இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அந்தப் பெயர் நீங்கியது. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி விளையாட்டுகளையும், பணயம் இல்லாத சமூக விளையாட்டுகளையும் இதே சட்டம் ஏற்று ஊக்குவிக்கிறது.

இச்சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட மனுக்களை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அங்கே எழும் கேள்விகளில் சட்டம் படித்தவர்களை மிகவும் ஈர்ப்பது, இந்தச் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதுதான். பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் நாடாளுமன்றம் அதில் கைவைக்க முடியாது என்பது ஒரு வாதம். ஆனால் இதே நிறுவனங்கள் மாநிலச் சட்டங்களுக்கு எதிராகப் பல ஆண்டுகள் முன்வைத்த வாதம், ‘எங்கள் விளையாட்டு சூதாட்டமே அல்ல, ஆகவே 34ஆவது பதிவுக்குள் நாங்கள் வரமாட்டோம்’ என்பது. அப்படி வராது என்றால், இணையம் மாநில எல்லைகளைக் கடந்து இயங்குவதால், தகவல் தொடர்பும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமும் மத்தியப் பட்டியலில் இருப்பதைக் காட்டி நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை நிறுவ வழி கிடைத்துவிடுகிறது. மாநிலங்களை வெல்லப் பயன்பட்ட ஆயுதம் மத்திய அரசுக்கு வழி திறந்துவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். அதிகாரம் பற்றிய இந்தச் சவால் வெல்வது கடினம் என்பது என் மதிப்பீடு.

தொழில் செய்யும் உரிமையைச் சார்ந்த வாதம் இதைவிட வலுவானது. திறமை விளையாட்டு சூதாட்டம் அல்ல என்று 1957 முதல் சொல்லிவந்தால், அதை நடத்துவது அரசியலமைப்பின் 19ஆவது உறுப்பின் பாதுகாப்பைப் பெற்ற தொழிலாகிறது. அப்படிப்பட்ட தொழிலின் மீது நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம். ஆனால் நேரக் கட்டுப்பாடு, இழப்பு வரம்பு போன்ற இலேசான வழிகள் இருக்கும்போது முற்றிலும் தடை செய்வது நியாயமான கட்டுப்பாடாகுமா என்று நீதிமன்றம் கேட்டே தீர வேண்டும். தமிழ்நாட்டின் 2021 சட்டம் விழுந்தது இந்த இடத்தில்தான். மறுபக்கம், பணயம் வைக்கும்போதே எந்த விளையாட்டும் தன் இயல்பை இழந்து பந்தயமாகிவிடுகிறது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றால், 1957 முதல் கட்டப்பட்ட முழு அமைப்பும் மாறும். ரம்மியும் அதோடு போகும்.

அமெரிக்காவில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதானே என்று பலர் கேட்பதால் அதையும் சொல்கிறேன். 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய பேஸ்பால் லீக்கிலிருந்து வளர்ந்த இந்தப் பொழுதுபோக்கில், ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே அணியை வைத்து நண்பர்களுக்குள் ஆடுவார்கள். 2006இல் இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுத்த மத்தியச் சட்டம், பரிசு முன்பே அறிவிக்கப்பட்டிருத்தல், முடிவு பல வீரர்களின் புள்ளிவிவரத் தொகுப்பைச் சார்ந்திருத்தல் போன்ற நிபந்தனைகளோடு ஃபேன்டசி விளையாட்டுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கின் நிழலில்தான், பருவ ஆட்டம் தினசரி ஆட்டமாகச் சுருங்கி, ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் என்ற இரு நிறுவனங்களும் வளர்ந்தன. 2015இல் இவற்றில் ஒன்றின் ஊழியர் மற்றொன்றில் ஆடி 3,50,000 டாலர் வென்றது வெளிவந்ததும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தடை ஆணை அனுப்பினார். 2016இல் அங்கே சட்டம் மாறியது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2022இல் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கூறியது. கலிஃபோர்னியாவின் தலைமை வழக்கறிஞரோ 2025 ஜூலையில் இவை சட்டவிரோதம் என்று கருத்துரைத்தார். பிரிட்டனில் கட்டணம் வாங்கும் ஃபேன்டசி போட்டிக்குச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவைப்படலாம். ஆகவே ‘அங்கே அனுமதி உண்டு’ என்ற ஒற்றை வரி எந்த நாட்டுக்கும் பொருந்தாது. மேலும், 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்த மத்தியச் சட்டத்தை நீக்கியதும், திறமை விளையாட்டு என்று சொல்லி வளர்ந்த அதே இரு நிறுவனங்கள்தான் அந்நாட்டின் மிகப் பெரிய பந்தய நிறுவனங்களாயின. ஃபேன்டசி வழியே சேர்த்த வாடிக்கையாளர்களே அவற்றின் முதல் மூலதனம் என்பதை நம் நாட்டில் இதை ஆதரிப்பவர்கள் சிந்திக்க வேண்டும்.

எதிர்காலத்தைப் பற்றி என் கணிப்பைச் சொல்வதானால், உச்ச நீதிமன்றம் தடையை ஏற்றால் பணயம் இல்லாத ஃபேன்டசி மட்டும் நிற்கும். விளம்பர வருவாயிலோ, பரிசோடு தொடர்பில்லாத சந்தாவிலோ அது நடக்கலாம். சமூக விளையாட்டுகளுக்குப் பணயம் அல்லாத சந்தாவைச் சட்டமே அனுமதிக்கிறது. வருவாய் சிறுத்துவிடும், ஆனால் கிரிக்கெட்டை ஆழ்ந்து கவனிப்பதன் இன்பம் அதில் குறையாது. நீதிமன்றம் தடையை நீக்கினால், அல்லது ஒழுங்குமுறைக்கு இடம் விட்டால், அப்போது வரவேண்டிய விதிகள் எவை என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. 2016இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் நல்ல முன்மாதிரி ஒன்றைக் காட்டியது: அனுபவசாலிகளின் பெயருக்கு அருகில் அடையாளம் இட வேண்டும், புதியவர்களுக்கென்று அனுபவசாலிகள் நுழையாத போட்டிகள் இருக்க வேண்டும், மாதம் 1,000 டாலருக்கு மேல் போடுபவரின் வசதியைச் சரிபார்க்க வேண்டும். திறமை ஏற்றத்தாழ்வு என்ற உண்மையான பிரச்சினையைத் தொட்ட விதிகள் இவை. நம் நாட்டில் 2023 ஏப்ரலில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் சுய ஒழுங்குமுறை அமைப்புகள் மூலம் இதைச் செய்ய எண்ணின; அத்தகைய அமைப்பு ஒன்றுகூட அங்கீகரிக்கப்படாமலேயே காலம் கடந்துபோனது. அந்த இரண்டு ஆண்டுகளை அரசும் தொழிலும் வீணாக்கியிருக்க வேண்டாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வேறு பெயரில் வரும் பண ஆட்டங்களையும் கவனித்து வாருங்கள். ‘இன்று இந்த அணி வெல்லுமா, ஆம் அல்லது இல்லை’ என்று பங்கு விற்பது போல் விற்கும் கருத்து வணிகத் தளங்கள் இங்கே வந்தபோது, அவை தன் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை அல்ல என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அமெரிக்காவில் கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைகள், தங்களைப் பந்தயமாகப் பார்க்காமல் நிதி ஒப்பந்தமாகப் பார்க்க வேண்டும் என்று மாநிலங்களோடு வழக்காடுகின்றன. திறமை என்ற சொல் செய்த வேலையை இனி ‘சந்தை’ என்ற சொல் செய்யப் பார்க்கிறது.

கடைசியாக, வெளிநாட்டுத் தளங்கள். ஆட்டம் சட்டப்படி நடந்த காலத்தில் உங்களுக்கு ஒரு நிறுவனம், ஒரு முகவரி, ஒரு நுகர்வோர் ஆணையம் இருந்தன. வெளிநாட்டுத் தளத்தில் இவை எதுவும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆவது பிரிவில் பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்று கூறுவதால், வென்ற பணத்தை அவர்கள் தர மறுத்தால் இங்கே வழக்குப் போட்டு வாங்க முடியாது. பணம் நேராக அவர்களுக்குப் போவதும் அரிது. யாரோ ஒருவரின் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு வேறொரு மோசடியில் சிக்கும்போது, அதோடு பரிமாற்றம் செய்த உங்கள் கணக்கும் காவல்துறையின் வேண்டுகோளின்பேரில் முடக்கப்படலாம். சம்பளம் வரும் கணக்கு அப்படி முடங்கி, தொலைவிலுள்ள காவல் நிலையத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய செயலி எதிலாவது உங்கள் பணம் மீதமிருந்தால் அதைத் திரும்பப் பெறும் வழி அந்தச் செயலியிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பதில் வராத நிலையில் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். இருப்பைத் திருப்பித் தருகிறோம் என்று தாமாகவே அழைத்து ஓடிபி கேட்பவர்களிடம் மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள்.